மூச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போகலாமா? ஒரு பழைய ஸ்டோர்காரனின் மதிப்பீடு

நெஞ்சு கிளினிக்கில் என்னோடு வரிசையில் நிற்கிறவர்கள், தோட்டத்துச் சொந்தபந்தம், மருமகனின் கூட்டாளிமார் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள்: "அண்ணே, அந்த எக்ஸர்சைஸ் கிளாஸுக்குப் போனீங்களே, பிரயோசனம் ஏதும் இருக்கா?" ஒவ்வொருத்தருக்கும் போனில் விளக்கம் சொல்ல எனக்கு மூச்சு போதாது. அதனால் இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியின் பெயரைப் போடமாட்டேன். இலங்கை மலைநாட்டில் இருக்கிற ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். குறை சொல்கிற இடத்தில் பலமாகச் சொல்லப் போகிறேன். அதனால் அங்கே மாடாய் உழைக்கிற பிள்ளைகளுக்குத் தொந்தரவு வரக்கூடாது.

நான் நானுஓயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இருந்தவன். தேயிலைத் தூளைச் சலிக்கிற சலிப்பு ரூமில் ஆரம்பித்து, தேயிலை தயாரிப்பை மேற்பார்க்கிற டீமேக்கருக்கு உதவியாளாக ஓய்வு பெற்றேன். இராத்திரி ஷிப்டுக்குத் துணையாகச் சிகரெட் இருந்தது. சலிப்பு மெஷினுக்கு மேலே பறக்கிற பழுப்புப் பஞ்சுத்தூசியும் இருந்தது. ஸ்டோர் மெஷின்களைக் காக்கிற சாமியான ரோதைமுனிக்கு விளக்கு வைக்கிற மாடத்தைக்கூட ஒருநாள் துடைக்காமல் விட்டால் அந்தத் தூசி மூடிவிடும். தேயிலைத் தூசியால் வருகிற இழுப்பைப் பற்றி நம் நாட்டு வைத்தியர் சி.ஜி. உரகொட 1970-இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் எழுதியிருக்கிறார். அதற்கு அவர் வைத்த பெயர் 'டீமேக்கர் ஆஸ்துமா'. எங்கள் உத்தியோகத்துக்குக் கிடைத்த பெருமையைப் பாருங்கள். எனக்கு வந்தது அது இல்லை, சி.ஓ.பி.டி. என்கிற நாட்பட்ட நுரையீரல் அடைப்பு. மூச்சு மருந்துப் பம்ப் (இன்ஹேலர்) அடித்த பிறகும் குழாயில் ஊதச் சொல்வார்கள். மொத்தமாக ஊதுகிற காற்றில் முதல் செக்கனில் வெளியே வருவது 70 வீதத்துக்குக் குறைவாக இருந்தால் அடைப்பு என்று கணக்கு. டாக்டர் சிகரெட்டைத்தான் முதலில் குற்றம் சொன்னார். தூசியை இரண்டாவதாகத்தான் வைத்தார்.

வகுப்பு 8 வாரம், வாரத்துக்கு 2 நாள், காசு இல்லை. 'பல்மனரி ரிஹேப்' என்று கிளினிக் புத்தகத்தில் எழுதி அனுப்புவார்கள். உள்ளே போனால் பெரிய மெஷின்கள் எதுவும் கிடையாது. பழைய சைக்கிள் ஒன்று, ரப்பர் பட்டி, 1 கிலோ இரும்பு, நாற்காலிகள், நீளமான வராந்தா. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று பக்கத்திலிருந்த கம்பளைக்காரர் முணுமுணுத்தார்.

முதல் நாள் நடை டெஸ்ட். 30 மீட்டர் வராந்தாவின் இரண்டு முனையிலும் ஆரஞ்சுக் கூம்பு வைத்து 6 நிமிடத்துக்கு நடக்க விடுகிறார்கள். ஓடக்கூடாது. முடியாவிட்டால் சுவரில் சாய்ந்து நிற்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. ஒவ்வொரு நிமிடமும் முடியும்போது பயிற்சி நடத்துகிற மிஸ் ஒரே வசனத்தை ஒரே குரலில் சொன்னார்: கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஏன் என்று கேட்டேன். இன்றைக்கு ஒருத்தரை அதிகமாக உற்சாகப்படுத்தி நாளைக்கு விட்டுவிட்டால் அளவு பொய்யாகிவிடுமாம். ஸ்டோரில் தேயிலையின் ஈரப்பதம் பார்க்கும்போது நாங்கள் காட்டின ஒழுங்கு அது. அந்த இடத்திலேயே எனக்கு வகுப்பின் மேல் மரியாதை வந்துவிட்டது.

நடந்து முடிந்ததும் ஓர் அட்டையைக் காட்டி எவ்வளவு இளைக்கிறது என்று விரல் வைக்கச் சொல்வார்கள். 0 என்றால் ஒன்றுமில்லை, 10 என்றால் இதற்கு மேல் தாங்காது. இந்த அட்டைதான் பிறகு எல்லாவற்றுக்கும் அளவுகோல். பயிற்சியில் 4-க்குக் கிட்டப் போகவேண்டும். 1-இலும் 2-இலும் உட்கார்ந்திருந்தால் வந்ததில் பயன் இல்லை. விரலில் மாட்டுகிற ஒக்சிஜன் கிளிப் 88 வீதத்துக்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிடுவார்கள். நம்மில் பலர் இளைப்பு வந்தாலே ஆபத்து என்று நினைத்து இஸ்தோப்பில் (வீட்டுத் திண்ணையில்) உட்கார்ந்துவிடுகிறோம். வீட்டிலும் "நீங்க ஒக்காருங்கப்பா" என்று தண்ணீர்க் குடத்தைக்கூட வாங்கிவிடுகிறார்கள். உட்கார உட்காரக் காலில் சதை கரைகிறது. பலமில்லாத கால் சின்ன வேலைக்கும் அதிகக் காற்றுக் கேட்கிறது. இன்னும் இளைக்கிறது, இன்னும் உட்காருகிறோம். வகுப்பு பிடித்து உடைப்பது இந்தச் சுற்றைத்தான்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இது நுரையீரலைச் சுகமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 8 வாரம் முடிந்து மறுபடி ஊதிப் பார்த்தபோது என் எண் பழைய எண்தான். நடை மட்டும் 285 மீட்டரிலிருந்து 340-க்கு வந்திருந்தது. சுமார் 30 மீட்டர் கூடினாலே நோயாளிக்கு உடம்பில் வித்தியாசம் தெரியும் என்பது இந்த டெஸ்டின் கணக்கு. எனக்குத் தெரிந்தது. சந்தேகப் பிராணியான என் மகள் இணையத்தில் தேடிப் பார்த்தாள். 2015-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு 65 ஆய்வுகளை, 3,822 நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறது. மூச்சுத் திணறல், களைப்பு, நடை எல்லாவற்றிலும் பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால், பயிற்சி கொடுத்தவரையும் கொடுக்காதவரையும் ஒப்பிடுகிற ஆய்வு இனித் தேவையில்லை என்றே முடித்துவிட்டார்களாம். அதற்குப் பிறகுதான் அவள் வாயை மூடினாள்.

இனி மூச்சு விடுகிற வித்தை. மூக்கால் இழுத்து, விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் மெதுவாக ஊதவேண்டும். நமக்குக் காற்று உள்ளே போகவில்லை என்றுதான் தோன்றும். உண்மையில் போன காற்று முழுதாக வெளியே வரவில்லை. குழாய்கள் முன்கூட்டியே ஒட்டிக்கொள்கின்றன, உள்ளே பழைய காற்று தங்கிவிடுகிறது. அதற்கு மேல் இழுப்பது நிரம்பிய கூடையில் இன்னும் கொழுந்தைத் திணிக்கிற வேலை. உதட்டைக் குவிக்கும்போது உண்டாகிற எதிரழுத்தம் அந்தக் குழாய்களைக் கொஞ்சம் திறந்து வைக்கிறது. இதைச் சொன்னவுடன் எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

மிஸ் சிங்களப் பிள்ளை. "அங்கிள், ஹெமின் ஹெமின். ஹுஸ்ம கன்ன... பிம்பின்ன" (மெதுவா, மெதுவா. மூச்சை இழுங்க... ஊதுங்க) என்று கையை அலை மாதிரி ஆட்டிக் காட்டுவார். தமிழில் "ஊதுங்க" என்கிற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு எல்லாவற்றுக்கும் அதையே பாவித்தார். நல்ல மனசு. ஆனால் குறை இங்கேதான் ஆரம்பிக்கிறது. உடற்பயிற்சியைக் கண்ணால் பார்த்துச் செய்துவிடலாம். மருந்து, சாப்பாடு, எப்போது அவசரமாக ஓடிவரவேண்டும் என்கிற விளக்க வகுப்பு முழுக்கச் சிங்களத்தில். வீட்டுக்குக் கொடுத்த தாளும் அப்படியே. எனக்குச் சிங்களம் வாசிக்க வரும், தப்பித்தேன். லிந்துலையிலிருந்து வந்த ஓர் அக்காவுக்கு அக்குறணைக் கடைக்கார நானா ஒருவர்தான் பக்கத்திலிருந்து குசுகுசுவென்று மொழிபெயர்த்தார். சளி மஞ்சளாக, பச்சையாக மாறினால், வழக்கத்தைவிட இளைப்பு கூடினால், கால் வீங்கினால் டாக்டரிடம் காட்டவேண்டும் என்ற முக்கியமான பகுதியில் நானா இருமப் போய்விட்டார். தமிழ் நோயாளிகள் இவ்வளவு பேர் வருகிற இடத்தில் ஒரு தாளைத் தமிழில் அச்சடிக்க என்ன செலவாகும்?

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். பீடி, சிகரெட், வெற்றிலைப் புகையிலை எதையும் தொடாதவர். லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்), ஜன்னல் இல்லாத அடுப்படியில் சின்ன வயதிலிருந்து விறகு ஊதியவர். 2022-இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது சிலிண்டரை மூலையில் வைத்தவர், விலையைப் பார்த்து அப்படியே விட்டுவிட்டாராம். கொழுந்து எடுப்பதை நிறுத்தியாயிற்று. நடப்பதைவிடத் தலை சீவுவதுதான் அவருக்குக் கஷ்டம். கை மேலே போனால் மூச்சு நிற்கிற மாதிரி இருக்கும் என்றார். அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைக் கையில் கொடுத்து, தூக்கும்போது ஊது, இறக்கும்போது இழு என்று மிஸ் பழக்கினார். தோளைச் சுற்றியுள்ள தசைகள் மூச்சுக்கும் உதவுகின்றன. கையைத் தூக்கினால் அவை இரண்டு வேலை பார்க்கவேண்டியிருக்கிறது. முதல் வாரங்களில் போத்தலைக் காது வரைக்கும்தான் கொண்டுபோவார். பிற்பாடு தலைக்கு மேலே தூக்கி, "இப்ப கொழுந்து எடுக்கவும் போயிருவேன் தம்பி" என்று சிரித்தார். மிஸ்ஸுக்கு அது விளங்கவில்லை. நாங்கள் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார்.

பெரிய குறைக்கு வருகிறேன். பயிற்சி முழுவதும் சமதரையில். பளபளவென்று கழுவிய வராந்தா. நாம் இருக்கிற இடத்தில் சமதரை எங்கே இருக்கிறது? என் வீடு மேட்டு லயத்துக்கு மேலே. ரோட்டிலிருந்து ஏறுகிற கருங்கல் படிகள் ஒன்றுக்கொன்று அளவே கிடையாது. மழைக்காலத்தில் பாசி வேறு. சமதரையில் 340 மீட்டர் நடக்கிறவன் அந்தப் படியில் நாலாவதிலேயே நிற்கிறான். இதை மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் பாடத்திட்டத்தில் அது இல்லை. ஆனாலும் மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கீழே நின்று மூக்கால் இழு, குவித்த உதட்டால் ஊதிக்கொண்டே 2 படி ஏறு, நில், மறுபடி இழு. இழுக்கும்போது ஏறக்கூடாது, மூச்சை அடக்கிக்கொண்டும் ஏறக்கூடாது. கைப்பிடியைப் பிடித்து இழுத்து ஏறாமல் காலைத் தள்ளி ஏறவேண்டும். மூச்சு முட்டிப்போனால் முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் தொடையிலோ சுவரிலோ ஊன்றி நிற்கவேண்டும். வகுப்பில் எனக்குக் கிடைத்ததிலேயே உருப்படியானது அதுதான், கேட்டதால் கிடைத்தது. நீங்களும் கேளுங்கள். மலைநாட்டு ஆஸ்பத்திரியில் மாடிப்படி பாடத்துக்குள்ளேயே இருக்கவேண்டாமா என்பது என் கேள்வி.

இன்னொன்று ஒக்சிஜன் கிளிப். பார்மசியில் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறவர்கள் கவனியுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் ஐந்தில் நாலு பங்கு. ஆகவே கீழே ஆஸ்பத்திரியில் காட்டுகிற எண்ணை விட மேலே வீட்டில் ஒன்றிரண்டு குறைவாகக் காட்டினால் அதற்காகவே பதறவேண்டாம். தை மாதக் காலைக் குளிரில் விரல் விறைத்திருந்தால் கிளிப் பொய்யும் சொல்லும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் ஆடாமல் நிற்கிறவரை பார்த்திருந்து பிறகு வாசியுங்கள். உங்களுக்கு எந்த எண் பரவாயில்லை, எந்த எண்ணில் கிளம்பவேண்டும் என்பதை டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் அது மாறும்.

பம்ப் பாவிக்கிற முறையையும் திருத்தினார்கள். அடிப்பதற்கு முன் மூச்சை முழுதாக வெளியே விடுங்கள், அடித்துக்கொண்டே மெதுவாக இழுங்கள், 10 செக்கன் அடக்குங்கள். ஸ்டீராய்டு மருந்துள்ள பிரவுன் பம்ப் என்றால் பிறகு வாய் கொப்பளியுங்கள். சாப்பாட்டு வகுப்பு சுமார் ரகம். தினமும் மீன், முட்டை என்று போர்டில் எழுதினார்கள், விலையை எழுதவில்லை.

நேரம் அடுத்த தலையிடி. வகுப்பு காலை 8 மணிக்கு. ரம்பொடை வளைவெல்லாம் இறங்கி வரவேண்டிய எனக்கு விடியாத இருட்டில் பஸ். மூச்சு நோயாளிக்குக் குளிரும் பனியும் எவ்வளவு ஆகாது என்று அவர்களே பாடம் நடத்துகிறார்கள், நேரத்தையும் அவர்களே வைக்கிறார்கள். பஸ் காசு ஒரு பக்கம், கூட வருகிற ஆளின் ஒருநாள் சம்பளம் போவது இன்னொரு பக்கம். கம்பளைக்காரர் கடைசிவரை வந்தார்; மேல் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். நான் பென்ஷன்காரன், தாக்குப்பிடித்தேன். இந்தப் பயிற்சிக்குக் கூம்பும் போத்தலும் நாற்காலியும் போதும் என்று கண்ணால் பார்த்துவிட்டேன். அப்படியானால் பிரதேச வைத்தியசாலைகளில் வாரத்துக்கு ஒருநாளாவது ஏன் நடத்தக்கூடாது?

8 வாரம் முடிந்ததும் கைகுலுக்கி அனுப்பிவிடுகிறார்கள். பிறகு கூப்பிடுவதில்லை. தொடராவிட்டால் கிடைத்த பலன் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கரைந்துவிடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள், ஆனால் தொடர்வதற்கு ஓர் ஏற்பாடும் இல்லை. நான் மாரியம்மன் கோயிலிலிருந்து ஸ்டோர் வாசல் வரைக்கும் நடக்கிறேன், வெயில் ஏறின பிறகு. தண்ணீர்ப் போத்தலும் உண்டு, மருமகன் கேலியும் உண்டு.

5-க்கு 3.5 கொடுப்பேன். பயிற்சிக்கும் மிஸ்ஸுக்கும் முழு மார்க். வெட்டினது மொழிக்கும் நேரத்துக்கும் மாடிப்படி பாடத்தில் இல்லாததற்கும்.

போகிறவர்களுக்கு: முதலில் நெஞ்சு டாக்டரைப் பாருங்கள், அவர் எழுதினால்தான் சேர்ப்பார்கள். அண்மையில் மாரடைப்பு வந்திருந்தால், நெஞ்சு வலி இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். வழுக்காத சப்பாத்து, ஒரு துவாய், இளைப்பு வந்தால் உடனே அடிக்கிற உங்கள் நீலப் பம்ப், சுடுதண்ணிப் போத்தல் எடுத்துப் போங்கள். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிட்டும் போகாதீர்கள். கிளினிக் புத்தகத்தை மறந்தால் நம்பர் தரமாட்டார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து வந்தாலும் சரி.