பன்னிரண்டடி டிஷ், ஏழு மழைக்காலம்: தக்கலைப் பக்கத்திலிருந்து ஓர் அனுபவம்

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட அன்று, தோட்டத்தில் நின்ற எட்டடி டிஷ் மேல் தென்னை விழுந்தது. தட்டி நிமிர்த்த வழியில்லை. புதிதாக ஒன்று வாங்காமல், நானே பன்னிரண்டடியில் செய்வது என்று முடிவு செய்தேன். 2018 ஏப்ரலில் தூணில் ஏற்றினேன். இன்றும் அதில்தான் வீட்டில் டிவி ஓடுகிறது.

கூரையில் சின்ன டிடிஎச் டிஷ்ஷும் இருக்கிறது. ஆனால் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மழை கனத்தால் அந்தச் சின்ன டிஷ் பிடிக்கும் கேயூ பேண்ட் அலைவரிசை நின்றுவிடும், ஏனென்றால் அதன் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். பெரிய டிஷ் பிடிக்கும் சி பேண்டுக்கு ஏழரை. துளிகள் அதை அவ்வளவாகத் தின்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18-இல் தென் மாவட்டங்கள் மிதந்தபோதும், கரண்ட் இருந்த நேரமெல்லாம் படம் உடையாமல் வந்தது. செய்த உழைப்புக்கு அந்த இரண்டு நாளே எனக்குப் போதும்.

எட்டடியிலிருந்து பன்னிரண்டடிக்குப் போனால் பரப்பு இரண்டேகால் மடங்கு. கணக்குப்படி சிக்னல் மூன்றரை டெசிபெல் (சிக்னலை அளக்கும் அலகு) கூட வேண்டும். பழைய டிஷ்ஷில், 66 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேல் நிற்கும் இன்டெல்சாட் 17 செயற்கைக்கோளுக்கு ஒன்பது டெசிபெல் காட்டிய சிக்னல் மீட்டர், புதியதில் முதல் நாள் பத்துகூட எட்டவில்லை. மூன்று மாத வேலை, ஒரு டெசிபெல்லுக்கும் குறைவான லாபம். அன்றிரவு தூக்கமே வரவில்லை. கோளாறு எங்கே என்று கண்டுபிடித்ததுதான் இந்த அனுபவத்தில் முக்கியமான பகுதி. அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

டிஷ்ஷின் வளைவு பள்ளிக்கூடத்தில் படித்த பரவளையம்தான். என் குவியத்தூரம் 135 சென்டிமீட்டர், அதன் நாலு மடங்கு 540. மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோமோ அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி 540-ஆல் வகுத்தால் அங்கே எவ்வளவு ஆழம் என்று கிடைக்கும். 60-இல் 6.7, 120-இல் 26.7, விளிம்பில், அதாவது 180-இல், சரியாக 60 சென்டிமீட்டர். இதைப் பிளைவுட்டில் வரைந்து அறுத்து அச்சாக வைத்துக்கொண்டு, பதினாறு அலுமினிய ஸ்கொயர் பைப்புகளை அதன்மேல் வளைத்தேன். கையை எடுத்ததும் அலுமினியம் கொஞ்சம் நிமிரும். அதனால் அச்சைவிடச் சற்றுக் கூடுதலாகவே வளைக்க வேண்டும்.

முதல் தவறு வலையில். கையில் இருந்த கோழிவலையை மாட்டினேன், கண்ணி அரை அங்குலத்துக்கு மேல். இந்த அலைவரிசைக்குக் கண்ணி ஏழு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிக்னல் கொஞ்சம் பின்பக்கமாகக் கசிந்து போகும். கால் அங்குல வெல்டட் மெஷ் வாங்கி மாற்றியதும் மீட்டர் சற்று ஏறியது. அப்போதும் பதினொன்றைத் தொடவில்லை.

பக்கத்து வீட்டு மாமா கொத்தனார். விளிம்பில் எதிரெதிரே இரண்டு நூல் இழுத்துக் கட்டச் சொன்னார். விளிம்பு முறுக்காமல் இருந்தால் இரண்டும் நடுவில் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு போகும். குனிந்து பார்த்தவர், “மக்களே, நூலு தொடல்ல பாத்தியா” என்றார். நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. அளந்தால் 22 மில்லிமீட்டர்.

தரையில் வைத்துப் பார்த்தபோது இதே நூல் தொட்டது. பிறகுதான் விஷயம் புரிந்தது. நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகை. இங்கிருந்து 66 டிகிரி செயற்கைக்கோள் தென்மேற்கே ஏறக்குறைய 73 டிகிரி உயரத்தில் இருக்கிறது. வடக்கே டிஷ் சுவரில் சாய்த்த முறம் போல நிற்கும். நம் ஊரில் மல்லாந்து கிடக்கும். சுற்றியுள்ள விளிம்பின் எடை முழுவதும் கீழே இழுக்கும், எங்கே பலம் குறைவோ அங்கே தொங்கும். விளிம்பில் இன்னொரு வளையம் சேர்த்து, விலா எலும்பு போல நிற்கும் ஒவ்வொரு பைப்புக்கும் பின்னால் ஒரு முட்டு கொடுத்து, தூணில் ஏற்றிய நிலையிலேயே நூலைப் பார்த்துப் பார்த்து இறுக்கினேன். இடைவெளி மூன்று மில்லிமீட்டருக்கு வந்தபோது மீட்டரில் 12.4. அலைநீளமே ஏழரை சென்டிமீட்டர், அதில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பிசகினால் எவ்வளவு அடி கொடுக்கும் என்று அன்றுதான் கண்ணால் கண்டேன். பெரிதாகச் செய்ய நினைப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அளவைக் கூட்டும் முன் நூல் கட்டுங்கள். கோணலான பன்னிரண்டடியைவிட ஒழுங்கான எட்டடி மேல்.

மல்லாந்து கிடப்பதில் நன்மையும் உண்டு. இருபது மீட்டர் தென்னைகூட ஆறு மீட்டருக்கு அப்பால் நின்றால் மறைக்காது. அதனால் மொட்டை மாடியில் ஏற்றிக் காற்றுக்குக் கொடுக்காமல் தோட்டத்திலேயே தூண் நட்டேன். தூக்குக்குண்டு விட்டு, ரசமட்டம் வைத்து, தூண் நேராக நிற்கிறதா என்று மட்டும் நாலு பக்கமும் பார்த்துவிடுங்கள்.

திசை பிடிப்பதிலும் நம் ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. இவ்வளவு உயரத்தில் பக்கவாட்டில் பத்து டிகிரி திருப்பினாலும் வானத்தில் மூன்று டிகிரிகூட நகராது. மேலும் கீழும் அப்படியில்லை, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகான டர்ன்பக்கிளில் ஒரு சுற்றிலேயே சிக்னல் வந்து போய்விடும். எனக்கு முதலில் மாட்டியது 68.5 டிகிரியில் இருக்கும் வேறொரு செயற்கைக்கோள்தான். உயரத்தை இரண்டேகால் டிகிரி இறக்கி, மேற்கே ஏழு டிகிரி திருப்பியதும் 66 வந்தது.

குவியத்தில் நின்று சிக்னலை வாங்கும் கருவியான எல்என்பியைத் திருப்பி வைக்கும் கோணமும் இங்கே பெரிது, 66-க்கு ஏறக்குறைய 54 டிகிரி. நான் எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டேன். செங்குத்தாக அதிரும் அலையில் வர வேண்டிய வெர்டிகல் சேனல்கள், கிடையாக அதிரும் ஹரிசாண்டலில் வந்தன, அதுவும் தரம் குறைந்து. கிட்டத்தட்ட செங்கோணம் தப்பியிருந்ததால் வந்த குழப்பம் அது. சேனல்கள் இடம் மாறி வந்தால் வேறெதையும் தொடாமல் முதலில் எல்என்பியை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். எல்என்பி வாயைச் சுற்றியுள்ள ஸ்கேலர் வளையத்தை 0.38 கோட்டில் (குவியத்தூரம் 135-ஐ விட்டம் 360-ஆல் வகுத்தது) வைத்திருக்கிறேன்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. வலை என்பதால் தண்ணீர் தங்காது, ஆனால் நடுத்தட்டில் சருகு சேரும். அதில் ஒரு துளை போட்டேன். எல்என்பி வாய் கீழ்நோக்கி இருப்பதால் மழை நுழையாது, குளவி நுழையும். மூடி விரிசல் விட்டிருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். குளச்சல் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றில் வெல்டட் மெஷ் மூன்றாம் வருஷமே துருப்பிடித்தது. அலுமினிய வலைக்கு மாறி, அலுமினிய பாப் ரிவெட்டே அடித்தேன். ஸ்டீல் திருகு போட்ட இரண்டு இடத்தில் மட்டும் அலுமினியம் வெள்ளையாகப் பொடிந்திருக்கிறது.

2023-இல் வந்த சோதனை வேறு. படம் சொல்லாமல் கொள்ளாமல் போகும், வரும். எல்என்பி போய்விட்டது என்று புதிதாக வாங்கியும் அதே கதை. ஊருக்கு 5ஜி வந்திருந்தது. அதற்குக் கொடுத்த 3.3 முதல் 3.67 ஜிகாஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியில் பாதிக்கு மேல், 3.4-இல் தொடங்கும் பழைய எல்என்பிக்குள்ளும் நுழைகிறது. பக்கத்துக் கோபுரத்தின் சத்தத்தில் வானத்துச் சத்தம் அமுங்கிவிடும். 3.7 முதல் 4.2 வரை மட்டும் எடுக்கும் ஃபில்டர் எல்என்பி போட்டதோடு சரியாகிவிட்டது. இப்போது புதிதாக வாங்குபவர்கள் இதைத் தவிர வேறு எதையும் வாங்க வேண்டாம்.

வருஷத்துக்கு இரண்டு முறை சூரியனை வைத்துச் சரிபார்க்கிறேன். மார்ச் 16, 17 வாக்கில் மதியம் ஒன்றேகால் தாண்டியதும், செப்டம்பர் 26 வாக்கில் ஒரு மணி தாண்டியதும், சூரியன் 66 டிகிரிக்கு நேர் பின்னால் வரும். படம் சில நிமிஷம் உடையும். அப்போது எல்என்பியின் நிழல் நடுத்தட்டின் மையத்தில் விழ வேண்டும். கடைசியாகப் பார்த்தபோது நிழல் அரை விரல் தள்ளி விழுந்தது. மழையில் மண் இளகி, தூண் சற்றே சாய்ந்திருக்கிறது. டர்ன்பக்கிளைக் கொஞ்சம் திருப்பியதும் 11.6 ஆக இருந்த மீட்டர் 12.3-க்கு ஏறியது. அடுத்த மழைக்கு முன் தூணின் அடியைத் தோண்டி, இன்னும் ஒரு சட்டி கான்கிரீட் போட வேண்டும். மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.