பழைய மேக்னம் ரிவால்வர் வாங்கப் போறவங்க காசு குடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

டெக்சாஸ்ல இருக்கேன், கிரீன் கார்டு வந்து ரெண்டு வருஷமாச்சு. ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுட்டுப் பழகினதுல பழைய ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 19 மேல பயங்கர ஆசை, .357 மேக்னம்ங்கற பவர் ஜாஸ்தியான தோட்டா போடறது, நாலு இஞ்ச் பேரல், மரப் பிடி. போன மாசம் பழைய துப்பாக்கி விக்கிற ஒரு கடைல அது கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்துச்சு, 850 டாலர். கடைக்காரர், யாரோ ரிட்டயர் ஆன ஆளு வீட்டு அலமாரில சும்மா கிடந்தது, ஒரு பாக்ஸ் தோட்டா கூட முழுசா சுட்டிருக்க மாட்டாருன்னு சொன்னாரு. மேல பாலிஷ் பளபளன்னு இருந்ததால நானும் நம்பிட்டேன். துப்பாக்கி வாங்கறவங்க எழுதிக் குடுக்குற 4473ங்கற அரசு ஃபார்ம் எழுதி, பேக்கிரவுண்ட் செக் முடிஞ்சு, கேஷா குடுத்தா கொஞ்சம் கொறைப்போம்னு சொன்னதால கேஷாவே குடுத்துட்டேன். அதுவும் தப்புதான், கார்டுல குடுத்திருந்தா பேங்க்ல புகாராவது குடுத்திருக்கலாம்.

தோட்டா எது வாங்கணும்னு கேட்டேன். 125 கிரெய்ன் (குண்டோட எடை) ஹாலோ பாயிண்ட் (முனைல குழி இருக்குற குண்டு) ஃபுல் மேக்னம்தான் இதுக்கு பெஸ்ட்னு மூணு பாக்ஸ் எடுத்து வெச்சாரு. இது எவ்வளவு பெரிய தப்புன்னு பின்னாடி சொல்றேன்.

அந்த சனிக்கிழமை ஓப்பன் ரேஞ்சுக்குப் போனேன். முதல் பன்னெண்டு ரவுண்டு ஒழுங்கா போச்சு, மூணாவது தடவை லோட் பண்ணி சுடும்போது பக்கத்துல நின்ன பெரியவர் திடீர்னு கன்னத்தைப் பிடிச்சாரு, விரல்ல ரத்தம். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல இருக்குற இடுக்கு வழியா ஈயத் துணுக்கு பக்கவாட்டுல தெறிச்சிருக்கு. அவர் கண்ணாடி போட்டிருந்தாரு, இல்லன்னா கண்ணு போயிருக்கும். இன்னைக்கும் நினைச்சா கை நடுங்குது. ரேஞ்ச் ஆஃபீஸர் உடனே நிறுத்தச் சொல்லிட்டாரு.

திங்கக்கிழமை துப்பாக்கி ரிப்பேர் பண்ற ஒரு கன்ஸ்மித்கிட்ட கொண்டு போனேன். அவர் சிலிண்டரைத் திறந்து, பேரலோட பின்பக்க வாய், அதாவது ஃபோர்சிங் கோன், அங்க அப்பியிருந்த கெட்டி கிரீஸை துணியால தொடைச்சாரு. அடிப்பக்கம் முடி மாதிரி ஒரு விரிசல், அதுக்கு மேல நீலப் பூச்சு வேற தடவியிருக்கு. நான் அங்க கிரீஸ் வைக்கவே இல்ல! யாரோ தெரிஞ்சே மறைச்சிருக்காங்க. டைமிங்கும், அதாவது சிலிண்டர் சரியா சுத்தி நிக்கிறதும், போச்சு, ஹேமரை மெதுவா இழுத்தா அது முழுசா பின்னாடி போய் நின்ன பிறகும் தோட்டா போடற ஆறு அறைல ரெண்டுல சிலிண்டர் லாக் ஆகல, அதனாலதான் தோட்டா பேரலுக்கு நேரா வராம ஓரத்துல செதுக்கி தெறிச்சிருக்கு.

மாடல் 19 வந்தது 1955ல, கைல தூக்கிட்டு சுத்த வசதியா கே ஃப்ரேம்னு சொல்ற நடுத்தர சட்டத்துல மேக்னத்தை அடக்கினாங்க. இடம் பத்தாததால ஃபோர்சிங் கோனோட அடிப்பக்கத்தை தட்டையா சீவியிருக்கும், மத்த இடத்தை விட அங்க இரும்பு மெலிசு. 110, 125 கிரெய்ன் குண்டு நீளம் கம்மி, வேகம் ஜாஸ்தி, சூடான வாயுவும் எரியாத வெடிமருந்தும் நேரா அந்த மெலிசான இடத்துலதான் அடிக்கும். அதனாலதான் பழைய கே ஃப்ரேமுக்கு 158 கிரெய்ன்னு தெரிஞ்சவங்க சொல்றாங்க, அதையும் அளவாத்தான், பழகறதுக்கு பவர் கம்மியான .38 ஸ்பெஷல் தோட்டா போதும். மேக்னம் நிறைய சுடணும்னா 1980கள்ல வந்த ஸ்மித் அண்ட் வெஸன் 686 மாதிரி இதை விடப் பெரிய ஃப்ரேம் வாங்குங்க. இதையெல்லாம் முன்னாடியே படிக்காம போயிட்டேனேன்னு அவ்வளவு வருத்தமா இருக்கு.

.38 ஸ்பெஷலை .357ல போடலாம், ஆனா .357ஐ .38 ரிவால்வர்ல போடவே கூடாது, மேக்னம் பிரஷர் லிமிட் 35,000 பிஎஸ்ஐ, சாதா .38க்கு 17,000தான். மேக்னம் தோட்டாவோட பித்தளைக் கூடு நீளத்தைக் கூட்டினதே பழைய துப்பாக்கிக்குள்ள அது நுழையக் கூடாதுன்னுதான். .38 நிறைய சுட்டா அறைக்குள்ள கரி வளையம் கட்டும், தேய்ச்சு எடுக்காம மேக்னம் போட்டா கூடு சிக்கிக்கும்.

வாங்கப் போறவங்க ஒரு சின்ன டார்ச்சும் இடுக்கை அளக்குற ஃபீலர் கேஜும் கொண்டு போங்க. காலியா இருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க. சிலிண்டரைத் திறந்து ஃபோர்சிங் கோனை தொடைச்சுட்டுப் பாருங்க, குறிப்பா அடிப்பக்கம். ஆறு அறைக்கும் ஹேமரை மெதுவா இழுத்து, விரலால சிலிண்டரை லேசா தடுத்தபடி, லாக் ஆகுதான்னு பாருங்க. சிலிண்டர் முன்னுக்கும் பின்னுக்கும் ஆடுதான்னும் பாருங்க. சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடு இடுக்கு, ஒரு இஞ்சை ஆயிரமா பிரிச்சா 4லேர்ந்து 10 வரைக்கும் பரவால்ல, 12 தாண்டிச்சுன்னா வெச்சுட்டு வந்துருங்க. இதுக்கெல்லாம் கடைக்காரர் மூஞ்சி சுளிச்சா அங்க வாங்கவே வேணாம்.

திருப்பிக் கொண்டு போனப்ப, நீ சுட்டதுலதான் விரிசல் விட்டிருக்கும், சேல் ஃபைனல்னு பில்லுக்குப் பின்னாடி பொடி எழுத்துல இருக்குறதைக் காட்டுனாரு. நான் கன்ஸ்மித் எழுதிக் குடுத்த ரிப்போர்ட்டைக் காட்டினேன், படிக்கக் கூட இல்ல. ஜஸ்டிஸ் கோர்ட்டுல ஸ்மால் கிளெய்ம்ஸ் (சின்னத் தொகை) வழக்கு போட்டிருக்கேன். கிரீஸ் தொடைச்ச துணி, விரிசல் போட்டோ எல்லாம் பத்திரமா வெச்சிருக்கேன். துப்பாக்கி லாக் போட்டு சேஃப்ல கிடக்கு, பேரல் மாத்துற வரைக்கும் .38 கூட சுடக்கூடாதுன்னு கன்ஸ்மித் கண்டிஷனா சொல்லிட்டாரு.