ஸ்ட்ரிங்கா, லூப்பா? ஆரணிக் கூத்துத் திடலில் கிடைத்த பதில்

எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்குக் குவாண்டம் ஈர்ப்பு என்று எழுதிக் கொடுத்தேன். ஐன்ஸ்டைனின் ஈர்ப்பையும் அணு உலகின் குவாண்டம் விதிகளையும் ஒன்றாகச் சேர்க்கப் பார்க்கும் துறை அது. "எதுப்பா, ஸ்ட்ரிங்கா லூப்பா?" என்றார் சார். அதில் போட்டி போடும் இரண்டு கோட்பாடுகளின் பெயர்கள் அவை. ஒரு வாரம் டைம் கேட்டேன். அது மூன்று மாதமானது.

பரிசோதனையை வைத்து ஒன்றைக் கழித்துவிடலாம் என்றால் வழியில்லை. ஈர்ப்பில் குவாண்டம் விளைவு தெரியவேண்டிய அளவு என்று இரண்டும் பேசும் பிளாங்க் நீளம் சுமார் 1.6 × 10⁻³⁵ மீட்டர். இன்றைய கருவி எதுவும் அதன் கிட்டேகூடப் போகாது.

ஸ்ட்ரிங்கில் எல்லாத் துகளும் இழையின் அதிர்வுதான். அதில் ஓர் அதிர்வு, கூப்பிடாமலே ஈர்ப்பைச் சுமக்கும் துகளான கிராவிட்டானாக வந்து நிற்கிறது. 1996-ல் ஸ்ட்ராமிஞ்சரும் வாஃபாவும் சிலவகைக் கருந்துளைகளின் என்ட்ரோபியை (உள்ளே எத்தனை விதமான நிலைகள் இருக்கலாம் என்பதன் அளவை) எண்ணியபோது, பிளாங்க் அலகில் கருந்துளைப் பரப்பில் கால் பங்கு என்ற ஹாக்கிங் கணக்கே அப்படியே வந்தது. இதற்கெல்லாம் பத்துப் பரிமாணமும், ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடி உண்டு என்னும் சூப்பர்சிமெட்ரியும் வேண்டும். அது சொல்லும் ஜோடித் துகள் ஒன்றுகூட எல்எச்சி என்ற பெரிய துகள் மோதுகருவியில் இன்னும் சிக்கவில்லை. சரி, அதைக்கூட மன்னித்திருப்பேன்.

என்னைச் சாய்த்தது மேடை விவகாரம். ஆரணிப் பக்கம் எங்கள் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குக் கூத்து நடக்கும். மேடை கிடையாது. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்து நிற்பார்கள். துணி விலகியதும் துரியோதனன் ஒரு சுற்றுச் சுற்றி வருவான். நேற்றுவரை கேழ்வரகு காயப்போட்டிருந்த இடம் அஸ்தினாபுரமாகிவிடும். ஸ்ட்ரிங்கோ நாடகக் கம்பெனி மாதிரி. வழக்கமான கணக்கில் காலமும் இடமும் சேர்ந்த காலவெளி என்ற மேடையை முதலில் போட்டுவிட்டுத்தான் இழையை ஆடவிடுகிறார்கள். காலவெளியே ஆடும் என்பதுதானே ஐன்ஸ்டைன் சொன்னது?

லூப் அதை விட்டுக்கொடுக்கவில்லை. 1986-ல் அபய் அஷ்டேகர் ஐன்ஸ்டைன் சமன்பாடுகளைப் புது மாறிகளில் எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு போன ரொவெல்லியும் ஸ்மோலினும், பரப்பும் கன அளவும் துண்டு துண்டாகத்தான் வரும் என்று 1995-ல் காட்டினார்கள். அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று கோர்த்து ஒரு வலையாகின்றன. இந்த வலை எந்த இடத்தில் கிடக்கிறது என்று கேட்கக் கூடாது, வலைதான் இடம். அவர்களின் பரப்புச் சூத்திரத்தில், வலையின் ஒவ்வொரு கோட்டுக்கும் உள்ள சுழல் எண்ணுக்கு, பூஜ்யத்துக்கு அடுத்த மதிப்பான அரை என்று போட்டு நானே கணக்குப் போட்டேன். மிகச் சின்னதாக ஒரு பரப்பு வந்தது, ஆனால் பூஜ்யம் வரவில்லை. அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

ஒரு காலவெளிக்குள் நடக்கும் ஈர்ப்பை, அதன் விளிம்பில் நடக்கும் ஈர்ப்பில்லாத ஒரு கோட்பாடாகவே எழுதலாம் என்ற மல்டசேனாவின் 1997 கட்டுரைக்குப் பிறகு மேடைக் குற்றச்சாட்டு செல்லாது என்பார்கள் ஸ்ட்ரிங்காரர்கள். அங்கேயும் விளிம்பு முன்கூட்டியே போட்டதுதான் என்பது என் எண்ணம். ஆனால் அந்தப் பகுதியில் நான் அறிமுகத்தைத் தாண்டிப் போகவில்லை, அழுத்திச் சொல்ல மாட்டேன்.

லூப்பிலும் ஓட்டை உண்டு. கருந்துளை என்ட்ரோபிக்கு அதே கால் பங்கு வர, கோட்பாடு தானாகச் சொல்லாத இம்மிர்சி எண் என்ற ஒன்றை நாமே பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரியது, இந்தத் துண்டுகளெல்லாம் சேர்ந்து ஐன்ஸ்டைனின் வழவழப்பான காலவெளியாக மாறுவதை இன்னும் யாரும் முழுசாக நிரூபிக்கவில்லை. ஆனால் காட்பாடியில் ரயிலேறினால் மத்தியானத்துக்குள் போய்விடக்கூடிய தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில், கவுலும் மஜும்தாரும் 2000-ல் இந்த வழியிலேயே அந்த என்ட்ரோபிக்கு ஒரு மடக்கை (லாக்) திருத்தம் கண்டுபிடித்தார்கள் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

கையெழுத்துப் போடும்போது சார் சொன்னார்: "ஸ்ட்ரிங் எடுத்திருந்தா பிஎச்டிக்கு எடம் தேடுறது சுலபம்பா." அது நிஜம்தான். அந்தப் பக்கம்தான் ஆளும் அதிகம், இடமும் அதிகம்.