செட் கணக்கில் குர்தி எடுப்பவர்களுக்கு: நெஞ்சளவை விட்டுவிட்டுக் கைக்குழியை அளங்கள்

ஆன்லைன் பொட்டிக் தொடங்கப்போகும் தோழி ஒருத்தி, "சூரத் ரேயான் செட் எடுக்கலாமா, ஜெய்ப்பூர் காட்டன் எடுக்கலாமா?" என்று கேட்டாள். இரண்டு வருடமாக இரண்டையும் எடுத்து விற்றதில் எங்களிடம் இருக்கும் பதில் துணியைப் பற்றியதே இல்லை. கைக்குழியைப் பற்றியது, அதாவது கை உடம்போடு சேரும் தையல் வளையத்தைப் பற்றியது.

செட் முறை தெரியாதவர்களுக்கு: மொத்தக் கடையில் முழுக் கட்டாகத்தான் எடுக்கவேண்டும். ஒரு கேட்லாக்கில் எட்டு டிசைன், டிசைனுக்கு நான்கு சைஸ், மொத்தம் 32 பீஸ். பிரித்துத் தரமாட்டார்கள். பீஸ் 310 ரூபாய் என்றால் 9,920, ஜிஎஸ்டி 5% சேர்த்து 10,416. லாரி கூலியும் பேக்கிங்கும் தனி. லேபிளில் எம் 38, எல் 40, எக்ஸ்எல் 42, டபுள் எக்ஸ்எல் 44 என்று இருக்கும். நெஞ்சில் டேப் வைத்தால் பெரும்பாலும் அதே அளவுதான் வரும். அதைப் பார்த்ததும் நிம்மதியாகி ஸ்டாக்கை அடுக்கிவிடுகிறோம். தப்பு அங்கேதான் நடக்கிறது.

அதே நான்கு பீஸிலும் கைக்குழியைச் சுற்றி அளந்து பாருங்கள். எம் 17, எல் 18, எக்ஸ்எல் 19, டபுள் எக்ஸ்எல் 20 இன்ச் என்று படிப்படியாக ஏறினால் போட்டால் உட்காரும். ரேயான் செட்களில் திரும்பத் திரும்ப நாங்கள் பார்த்தது வேறு: எல்லுக்கும் எக்ஸ்எல்லுக்கும் ஒரே 18, டபுள் எக்ஸ்எல்லுக்குப் பதினெட்டரை. பக்கவாட்டில் மட்டும் துணியை அகலமாக்கிவிட்டு, கையை இரண்டு சைஸுக்கும் சேர்த்து ஒரே அளவில் வெட்டிவிடுகிறார்கள். கைக்குத் தனித்தனி பேட்டர்ன் (துணியை வெட்ட வைக்கும் அட்டை) வேண்டாம், தைக்கும் இடத்தில் எந்தக் கை எந்த உடம்புக்கு என்று கட்டுகள் குழம்பாது, கொஞ்சம் துணியும் மிஞ்சும். அவர்களுக்கு லாபம். 44 அளவு போடும் பெண்ணுக்கோ நெஞ்சு தொளதொள, கை மட்டும் பிடித்துக்கொண்டு தூக்கவே முடியாது.

வாடிக்கையாளர் "சைஸ் சின்னதா இருக்கு" என்று எழுதுகிறார். நாம் "44 சரியாக இருக்கிறதே" என்று போட்டோ எடுத்து அனுப்புகிறோம். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். அடுத்த சைஸ் அனுப்பலாம் என்றால் அதற்கு மேல் சைஸே இல்லை. பக்கத்துத் தெரு டெய்லரிடம் தையல் பிரித்துவிடலாம் என்றால், கால் இன்ச் விட்டு ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் அடிக்கும் தையல்) அடித்து ஓரத்தை வெட்டியிருப்பார்கள். பிரிக்க உள்ளே துணி கிடையாது. கையை எடுத்துவிட்டு ஸ்லீவ்லெஸ் ஆக்கத்தான் முடியும், அதை எத்தனை பேர் கேட்பார்கள்? போக வர கூரியர் நம் தலையில். ஒரே ஒரு பேட்டர்ன் அட்டையை மிச்சப்படுத்துவதற்காக, பெரிய உடம்புக்காரப் பெண்கள் தங்கள் உடம்பின்மேல் வெறுப்புப்படும்படி செய்கிறார்கள். எங்களுக்கு உண்மையில் கோபம் வருவது அதனால்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சிலர் 40 என்று போடுவது தைத்து முடிந்த சட்டையின் அளவு. 38 நெஞ்சுக்குத்தான் அது சரியாக இருக்கும். வேறு சிலர் உடம்பின் அளவையே 40 என்று போட்டு, சட்டையை 42-ல் தைக்கிறார்கள். ஆர்டர் போடும்முன் எது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நம் அளவு அட்டவணையில் இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள்.

நியாயமாகச் சொன்னால் 14 கிலோ ரேயான் நல்ல துணி. 100 மீட்டர் 14 கிலோ வருவது என்று கடைக்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். உடம்பில் விழும் அழகு, நிறத்தின் ஆழம், விலை மூன்றிலும் அதை அடிக்க ஆளில்லை. எங்களிடம் வேகமாக விற்பதும் அதுதான். ஆனால் சுருங்கும். வழுக்கும் துணியை மேஜையில் இழுத்து அடுக்கி, ஓய்வு கொடுக்காமல் வெட்டினால் அப்போதே கொஞ்சம் குறைந்துவிடும். மீதியை முதல் துவைப்பு எடுத்துக்கொள்ளும். செட்டில் ஒரு பீஸைப் பலி கொடுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் 10 இன்ச் சதுரம் வரைந்து, துவைத்து, நிழலில் காயவைத்து மறுபடி அளங்கள். நீளவாக்கில் 9.4 வந்தால் 6% போயிற்று. 45 இன்ச் குர்தி 42.3 ஆகிவிடும். அகலத்தில் 9.7 வந்தால் 40 நெஞ்சு 38.8. நீளம் அதிகம் சுருங்குவதற்குக் காரணம், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்தான் இழுத்துக் கட்டப்படுகிறது. ஈரத்தில் ரேயானின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பதால், முறுக்கிப் பிழியாதீர்கள் என்று பார்சலுக்குள் ஒரு சீட்டு வைப்பது நல்லது.

எதிர்பாராத சந்தோஷம் ஜெய்ப்பூர் பக்கம் எடுத்த 60-60 கேம்ப்ரிக் காட்டன், அதாவது நீளத்திலும் அகலத்திலும் 60-ஆம் நம்பர் மெல்லிய நூலால் நெய்தது. ரேட் கூடுதல், கசங்கும், போட்டோவில் ரேயான் அளவுக்கு மின்னாது. ஆனால் ஒரு சின்ன யூனிட்டிலிருந்து வந்த செட்டில் கைக்குழி 17, 18, 19, 20 என்று ஏறியிருந்தது. பக்கத் தையலில் ஒரு இன்ச் மார்ஜினும் விட்டிருந்தார்கள். அந்த செட்டில் ஒரு பீஸ்கூடக் கை இறுக்கம் என்று திரும்பி வரவில்லை. பக்ரு தாபு பிரிண்ட்டில் (ஜெய்ப்பூர் பக்கத்துப் பக்ரு ஊரில் சேறு தடவி அச்சிடும் முறை) இண்டிகோ சாயம் இருந்தால் மட்டும், ஈர வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். 'ஹேண்ட் பிளாக்' என்று சொல்லி ஸ்கிரீன் பிரிண்ட் தருவதும் நடக்கிறது. கையால் அச்சடித்ததில், அச்சுகள் சேரும் இடத்தில் இம்மி பிசகாவது தெரியும்.

ஆர்டர் போடும்போது சாம்பிள் கேட்டால் எம் சைஸை அனுப்புவார்கள். எம் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். டபுள் எக்ஸ்எல்லைக் கேளுங்கள். மேஜையில் பரப்பி, கைக்குழிக்கு ஒரு இன்ச் கீழே ஓரத்துக்கு ஓரம் அளந்து இரட்டித்தால் நெஞ்சு. கைக்குழியைத் தையல்மேல் டேப்பை நிறுத்தி வளைத்து அளக்கவேண்டும். நேர்கோட்டில் அளந்தால் ஒன்றரை இன்ச் குறைத்துக் காட்டிவிடும். மேல்கைச் சுற்றையும் குறித்துக்கொள்ளுங்கள், டபுள் எக்ஸ்எல்லுக்கு 16 வேண்டும். பார்சல் வந்ததும் ஒட்டிய டேப் தெரியும்படி, நிறுத்தாமல் வீடியோ எடுத்தபடி பிரியுங்கள். வீடியோ இல்லாமல் ஓட்டை, எண்ணெய்க் கறை என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. சைஸுக்கு ஒன்று என்ற செட்டில் எங்களுக்கு எம்தான் தேங்குகிறது. வெட்டுவதற்கு முன்பே சொன்னால், அதிக எண்ணிக்கையில் எடுக்கும்போது 1:2:2:1 விகிதத்தில் (எம் 1, எல் 2, எக்ஸ்எல் 2, டபுள் எக்ஸ்எல் 1) தரும் தையல் யூனிட்கள் உண்டு. கேட்லாக் கடைகளில் அது நடக்காது.

வரி பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் பீஸ் 2,500 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 18%. முன்பு 1,000-ஐத் தாண்டினாலே 12%. துப்பட்டாவோடு வரும் மூன்று பீஸ் செட்டை 1,400, 1,800 என்று விற்பவர்களுக்கு இது பெரிய இறக்கம். ஆனால் ரெடிமேடை வெளிமாநிலத்துக்கு விற்றால், விற்றுமுதல் குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பதிவு இல்லையென்றால், வாங்கும்போது கட்டிய வரியைக் கழிக்கவும் முடியாது.

ரேயான் வேகமாக விற்கிறது என்று மேலே எழுதியிருக்கிறேன், அது பொய்யில்லை. ஆனாலும் இன்றைக்குக் கேட்டால், புதுக் கடைக்கு ரேயான் செட் எடுக்கவே எடுக்காதே என்றுதான் சொல்வேன். இந்த வாரம் மட்டும் மூன்று டபுள் எக்ஸ்எல் திரும்பி வந்திருக்கிறது, மூன்றும் கை இறுக்கம். ரேயான் சப்ளையருக்கு அனுப்பியிருக்கும் செய்தி இதுதான்: டபுள் எக்ஸ்எல் கைக்குழி 20, கைச்சுற்று 16. இந்த இரண்டு எண்ணையும் பில்லிலேயே எழுதித் தந்தால் மறுநாளே பணம் போடுகிறோம்.