கரிமமா, கனிமமா?

கார்பன் இருந்தால் கரிமச் சேர்மம், இல்லாவிட்டால் கனிமச் சேர்மம் என்று மனப்பாடம் செய்திருப்போம். பாதிதான் சரி. கார்பன் டை ஆக்சைடு, சுண்ணாம்புக்கல், சயனைடு உப்புகள் எல்லாவற்றிலும் கார்பன் உண்டு. ஆனாலும் அவை கனிமப் பக்கம்தான். கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் நல்ல அடையாளம். அதற்கும் விலக்கு உண்டு: யூரியாவில் அந்தப் பிணைப்பே கிடையாது, ஆனால் அது கரிமம். கரிமப் பொருள்களை உயிர்களால்தான் உண்டாக்க முடியும் என்று நம்பிய காலத்தில், 1828-இல் ஜெர்மன் வேதியியலாளர் வோலர் அம்மோனியம் சயனேட் என்ற கனிம உப்பிலிருந்து எடுத்துக் காட்டியதும் இதே யூரியாவைத்தான்.

சரி, நடத்தையில் என்ன வித்தியாசம்? சாப்பாட்டு உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீனுக்கு 80 டிகிரியே போதும். உப்பில் எதிரெதிர் மின்சுமையுள்ள அயனிகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. நாப்தலீன் மூலக்கூறுகளுக்கு இடையே இருப்பதோ மெல்லிய ஈர்ப்பு. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்வது அயனிகள் இருப்பதால், சர்க்கரைக் கரைசலில் பாயாதது அவை இல்லாததால். ஆனால் எல்லாக் கனிமமும் அப்படியில்லை; தண்ணீரும் கனிமம்தான், அதில் இருப்பது அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பு.

வேகத்தையும் பாருங்கள். உப்புக் கரைசலில் சில்வர் நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விட்டால் உடனே வெள்ளை வீழ்படிவு வரும். ஆல்கஹாலும் கரிம அமிலமும் சேர்ந்து எஸ்டர் என்ற கரிமச் சேர்மம் ஆக, வினையூக்கி போட்டுச் சூடாக்கிக் காத்திருக்க வேண்டும்.

கரிமத்தில் அதிகம் பார்க்கும் வித்தை மாற்றியம், அதாவது அதே அணுக்களை வேறு விதமாகக் கோத்து வேறு பொருள் ஆவது. இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன்: ஒரு மாதிரி கோத்தால் 78 டிகிரியில் கொதிக்கும் எத்தனால், வேறு மாதிரி கோத்தால் அறை வெப்பநிலையில் வாயுவாக இருக்கும் டைமெத்தில் ஈதர்.