ஃபேகஸ் பார்க்க: கிரேடில் மலையா, மவுண்ட் ஃபீல்டா?

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவு மலைகளில் மட்டுமே இயற்கையாக வளரும் ஃபேகஸ் செடி, குளிர்காலத்துக்கு முன் இலை உதிர்க்கும். ஏப்ரல் கடைசியில் அதன் சின்னஞ்சிறு மடிப்பு இலைகள் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவக்கும். தீயில் கருகினால் மீண்டு வருவது மிக அரிது. அதனால் இருக்கும் புதர்களே பொக்கிஷம்.

கிரேடில் மலையில் டவ் ஏரியைச் சுற்றி சுமார் 6 கி.மீ. நல்ல பாதை. ஷட்டில் பஸ் உண்டு. குழந்தைகளோடு போவோருக்கு இதுவே சரி.

என் ஓட்டு மவுண்ட் ஃபீல்டு தேசியப் பூங்காவுக்குத்தான். டாஸ்மேனியத் தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் பூங்கா வாசல். மேலே டார்ன் ஷெல்ஃப் என்ற மலைத்திட்டில் பனியாறு செதுக்கிய குளங்கள், கரையோரமெல்லாம் ஃபேகஸ். அப்புறம், நடக்க முடியாதவர்கள் ஃபென்டன் ஏரிப் பக்கம் சாலையிலிருந்தே பார்க்கலாம். மேலே ஏறுவது குறுகலான மண் சாலை, திடீரெனப் பனி விழும். கிளம்புமுன் சாலை நிலவரம் பாருங்கள்.