சேரன்மகாதேவி ட்ரோன் மருந்தடிப்பு: வரப்பில் நடந்து பார்த்துவிட்டுத் தொடங்குகிறவர்

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் வயல் இருக்கிறது. இந்தப் பிசான நெல் பருவத்தில் இலைச்சுருட்டுப் புழு கண்டதும், சேரன்மகாதேவியிலிருந்து ட்ரோன் கொண்டுவந்து மருந்தடித்துக் கொடுக்கும் ஓர் இளைஞரை அழைத்தேன். ஏக்கருக்கு 500 ரூபாய் வாங்கினார். பத்து லிட்டர்த் தொட்டியுள்ள அந்தக் கருவி ஓர் ஏக்கரைப் பத்து நிமிடத்தில் முடித்தது. மருந்தும் சீராக விழுந்து, சில நாளில் புழு அடங்கியது. ஆனால் நான் எழுத வந்தது அவர் வேலையைத் தொடங்கிய விதத்தைப் பற்றித்தான்.

கருவியைக் கிளப்புவதற்கு முன் அவர் வரப்பைச் சுற்றி நடந்தார். "அண்ணாச்சி, கீழ வயல்ல என்ன நட்டிருக்காவ? வாய்க்கால்ல ஆரும் குளிக்காவளா?" என்று விசாரித்தார். ஒரு பிடி புழுதியைத் தூவிக் காற்றின் போக்கைப் பார்த்தார். நடுவில் ஒரு பாட்டி ஆடு பத்திக்கொண்டு வரப்பில் ஏறியபோது, தொட்டியில் பாதி மருந்து மீதமிருக்க, கருவியைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கி, கடைசி ஆடு கடந்துபோகும்வரை காத்திருந்தார்.

சென்ற கார் பருவத்தில் வந்த வேறொருவர் அடித்த களைக்கொல்லி காற்றில் பறந்து பக்கத்து வெண்டையில் படிந்தது. இலைகள் சுருண்டு வெளுத்துவிட்டன. கேட்டதற்கு, "ரூட்டு மெஷின் போட்டது" என்றார். அடிக்கச் சொன்னவன் நான் என்பதால் நஷ்டத்தை நானே கொடுத்தேன்.

வெண்டைக்காவது விலை உண்டு. 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில், ஒரு தொண்டு நிறுவன ஊழியரின் காரை அமெரிக்கப் படை ஏறக்குறைய எட்டு மணி நேரம் ட்ரோன் வழியாகத் திரையில் பின்தொடர்ந்து, கடைசியில் ஏவுகணையால் தாக்கியது. இறந்த பத்துப் பேரில் ஏழு பேர் குழந்தைகள். அந்தக் காரில் ஏற்றப்பட்டவை வெடிபொருள்கள் அல்ல, தண்ணீர்க் கேன்கள் என்பதைப் பின்னர் செய்தியாளர்கள் கண்டறிந்தார்கள். எங்கள் வயலுக்கு வந்த வண்டியிலிருந்தும் உதவிக்கு வந்த பையன் அப்படிப்பட்ட கேன்களைத்தான் இறக்கி வைத்தான். அவற்றைப் பார்த்ததும் எனக்கு அந்தச் செய்தி நினைவுக்கு வந்துவிட்டது. அமெரிக்கத் தரப்பில் முதலில் நியாயமான தாக்குதல் என்றார்கள், செப்டம்பரில் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள், டிசம்பரில் எவர்மீதும் நடவடிக்கை இல்லை என்று அறிவித்தார்கள்.

இலக்கு இராணுவத்தைச் சேர்ந்ததல்ல என்று தெரியவந்தால் தாக்குதலை நிறுத்த வேண்டும், ஒருவர் பொதுமக்களில் ஒருவரா என்ற ஐயம் இருந்தால் அவரைப் பொதுமக்களாகவே கொள்ள வேண்டும் என்று ஜெனிவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை சொல்கிறது. அமெரிக்காவும் இந்தியாவும் அதற்கு இன்னும் ஒப்புதல் அளிக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். மேலிடத்து உத்தரவு என்பது குற்றத்திலிருந்து விடுவிக்காது என்று நாஜித் தலைவர்கள்மீதான நியூரம்பர்க் விசாரணையில் தீர்மானித்த உலகம், பிழை அமைப்பில்தான், ஆளிடம் இல்லை என்ற பதிலை எப்படி ஏற்றுக்கொள்கிறது? திரையில் எட்டு மணி நேரம் பார்ப்பதும் வரப்பில் பத்து நிமிடம் நடந்து விசாரிப்பதும் ஒன்றல்ல. போரில் எல்லா இடத்திலும் நடந்து பார்க்க முடியாது என்பது உண்மைதான். முடியாத இடத்தில் கை பொத்தானிலிருந்து விலக வேண்டும் என்பதே அந்த நெறிமுறையின் பொருள் என்று நான் கொள்கிறேன்.

இந்தச் சேவையில் எனக்கு ஒரே ஒரு குறை. ரசீதில் தொகை மட்டுமே இருந்தது. கருவியை ஓட்டியவர் பெயரோ பறந்த நேரமோ இல்லை. நம் நாட்டின் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி பெற்ற ஓட்டுநர் சான்றிதழை அவர் வைத்திருந்தார், கேட்டதும் காட்டினார். ரசீதிலும் பெயர் வேண்டும் என்றேன். பேனாவை வாங்கி, பெயரையும், காலை 6.40 முதல் 7.15 வரை என்ற நேரத்தையும், ஆட்டுக்காக நிறுத்தியதையும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார்.